சடைச் சுருட்டு

சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்க தம்பி. முன் சீட்டுல உக்காந்திருக்கானே, அவன் பூசியிருக்குற செண்டு நெத்தி வரைக்கும் ஏறுது. எனக்கு மூக்கும் நாக்கும் கொஞ்சம் அதிகம், அதான் தொந்தரவு. இப்பக்கூட பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ வாங்குனேன். வாயில வச்சதும் துப்பிட்டேன். அது டீ இல்லை, ஏனங் கழுவுன தண்ணி. டீக்காரன் மொறைக்கிறான். நீயே ஒரு மடக்கு குடிச்சுப் பாருப்பான்னு சொல்லிட்டு வந்து ஏறிட்டேன்.

மதுரைதானே நீங்களும்? நல்லதாப் போச்சு. பேசிக்கிட்டே போகலாம்.

எம் பேரு பெரியமாயன். சிவகங்கைக்கு அங்கிட்டு உள்ளடங்குன ஊரு, சொன்னாத் தெரியாது. எங்க ஊருல கண்மாய்க்கரைக் கருப்பர்னு ஒரு சாமி. அந்தச் சாமிக்கு ரொம்ப வருஷமா ஆடுனவன் நான். ஆடுனவன்னு சொல்றேன் பாத்தீங்களா? இப்ப இல்லை. ஏன் இல்லைன்னு கேட்டா, ஒரு சுருட்டுதான் காரணம். நெசமாத்தான் சொல்றேன். ஒரு சுருட்டு. அதைச் சுருட்டுன்னு சொல்லவே எனக்கு வாய் கூசுது. கருமம்.

எங்க ஊரு வழக்கத்தை முதல்ல சொல்லிர்றேன். யாருக்காவது ஒரு காரியத்துக்குச் சாமி உத்தரவு வேணும்னா, களரி, அதான் கருப்பருக்கு எடுக்குற திருவிழா, அன்னைக்கு உச்சிப்பொழுதுல ஒரு சுருட்டைக் கொண்டாந்து கருப்பர் அருவா முன்னால வைக்கணும். கொட்டு அடிப்பாங்க. சாமி எம்மேல எறங்கும். எறங்குன சாமி அந்தச் சுருட்டை வாங்கிக் குடிச்சா உத்தரவு குடுத்தாச்சுன்னு அர்த்தம். தூக்கி எறிஞ்சா இல்லை. கல்யாணமோ கெணறு வெட்டுறதோ, எல்லாத்துக்கும் இப்படித்தான். எப்பயும் வைக்கிறது திண்டுக்கல் சுருட்டு. நல்ல சுருட்டு. நேரா, விரல் மாதிரி இருக்கும். ஒரு இழுப்புல காரம் தொண்டையில நிக்கும். அடுத்த இழுப்புல எறங்கிரும். சுருட்டுன்னா அதுதான் சுருட்டு.

சாமி எறங்கிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அதை மனசுல வச்சுக்கங்க. சாமி மலையேறுன பெறகு, தண்ணியத் தெளிச்சு எழுப்பி உக்கார வச்சு, இன்னது நடந்துச்சுன்னு அடுத்தவங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்குவேன். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் இருட்டு.

இப்ப ராஜாங்கம் கதைக்கு வாறேன். ராஜாங்கம் எங்க ஊருக்காரன். எனக்கு ஒண்ணுவிட்ட அக்கா மகன். சிங்கப்பூர்ல இருக்கான். அங்க சாப்பாட்டுக்கடை வச்சு நல்லா வந்துட்டான். வந்தா வரட்டும், எனக்கு என்ன? எனக்கு அவன் மேல கோவமே கெடையாது. ஊருக்கு வந்தா எல்லாருக்கும் சட்டைத்துணி குடுப்பான். எனக்கும் குடுத்தான். கையில குடுக்கலை, திண்டு மேல வச்சுட்டு, "மாமா, அதை எடுத்துக்கங்க"ன்னு போன் பேசிக்கிட்டே போயிட்டான். போன் பேசும்போது எப்படிக் கையில குடுக்க முடியும்? நான் தப்பா நெனைக்கலை. அந்தச் சட்டைத்துணியை இன்னைக்கு வரைக்கும் தைக்கலை, அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு தங்கச்சி, வேலாயி. புருசன் செத்துப்போன பெறகு அப்பன் வீட்டுலயே வந்து இருந்துக்கிட்டா. பணியாரம் சுட்டு விப்பா. அவ அப்பன் கடைசி காலத்துல பக்கவாதம் வந்து படுக்கையில கெடந்தாரு. பீ மூத்திரம் எடுத்தது, சோறு ஊட்டுனது எல்லாம் வேலாயிதான். ராஜாங்கம் எழவுக்குக்கூட மறுநாள்தான் வந்தான். பிளைட் கெடைக்கலைன்னான். இருக்கலாம்.

அந்த வீடு கோயிலை ஒட்டி இருக்கு. பட்டா அண்ணன் பேருல. அவன் என்ன நெனைச்சான்னா, அந்த வீட்டை இடிச்சிட்டு, அந்த இடத்துல அப்பன் பேருல ஒரு கல்யாண மண்டபம் கட்டணும். வேலாயிக்குச் சிவகங்கையில வாடகைக்கு ஒரு வீடு பாத்துத் தர்றேன்னான். வேலாயி பணியாரச் சட்டியைக் கழுவிக்கிட்டே இருந்தா. ஊருல பாதிப்பேருக்கு மண்டபம் வேணும். பாதிப்பேருக்கு அந்தப் பொம்பளையைக் கெளப்ப மனசு வரலை. எங்க ஊருப் பெரிய மனுசர் அம்பலகாரர் யோசிச்சுப் பாத்துட்டு, "எதுக்கு நமக்குள்ள சண்டை? கருப்பர்கிட்ட உத்தரவு கேட்டுருவோம்"னு முடிச்சிட்டாரு. ராஜாங்கம் சரின்னான். அவனுக்குத்தான் சுருட்டு வைக்கிற வேலை.

திண்டுக்கல் சுருட்டை வாங்கி வச்சிருந்தா இந்தக் கதையே இல்லை. அவன் என்ன பண்ணுனான்? வெளிநாட்டுச் சுருட்டு கொண்டாந்தான். மரப்பொட்டி. உள்ள பட்டுத்துணி மாதிரி ஒரு காயிதம். அதுக்குள்ள இருந்து எடுத்தான் பாருங்க, எனக்கு அப்பவே அருவருப்பாப் போச்சு. சுருட்டு நேரா இல்லை தம்பி. மூணு சுருட்டை ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, பொம்பளைப்பிள்ளைக்குச் சடை பின்னி விடுவாங்களே, அந்த மாதிரி பின்னி வச்சிருக்கு. மேலயும் கீழயும் செவப்பு நாடா. நிறம் கருங்கருன்னு, எண்ணெய் மினுக்கு. பாக்குறதுக்குப் பாம்பு பின்னிக்கிட்டு கெடந்த மாதிரி இருந்துச்சு. கையில எடுத்தா வளைஞ்சு நெளிஞ்சு நிக்குது.

ஊர்க்காரங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறாங்க. "இது ரொம்ப ஒசந்த சரக்கு மாமா. இதோட மல்லுக்கட்ட இங்க எதுவும் கெடையாது. கனமான சுருட்டு, சாமிக்குப் பிடிக்கும்"னான் ராஜாங்கம்.

நான் கேட்டேன், "இதை எப்படிப்பா பத்த வைக்கிறது?"

"பத்த வைக்கிறதுதான் மாமா. எல்லாச் சுருட்டும் ஒண்ணுதான்."

அவனுக்கும் தெரியாது. கடையில இருந்ததுலயே எது பெருசா, எது வித்தியாசமா இருந்துச்சோ அதைத் தூக்கிட்டு வந்திருக்கான்.

களரி அன்னைக்கு நான் வெரதம். முந்துன நாள்ல இருந்து சோறு இல்லை, எளநியும் ஒரு வாழைப்பழமும்தான். சாமியாடுறவன் போடுற சல்லடம் கட்டி, கச்சை கட்டி, கையில அருவாளோட நின்னேன். வெயிலு மண்டையைப் பொளக்குது. கொட்டு வேகம் எடுத்துச்சு. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. சாமி வந்துருச்சு.

ராஜாங்கம் அந்தச் சடையை ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்தான். நெத்தி நிறைய விபூதி. பட்டு வேட்டி. பூசாரி சூடத்துல பத்த வச்சுக் குடுத்தாரு. முழுச் சடையையும் ஒண்ணாப் பத்த வச்சுட்டாங்க, மூணு நுனியும் மூணு பக்கம் எரியுது. வாய்க்குள்ள வைக்க இடம் பத்தலை. ஒதட்டு ஓரத்துல இடிக்குது. சாமி பல்லால கவ்விப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு.

என்னத்தைச் சொல்ல. அந்த முதல் இழுப்பே இழுப்பு இல்லை தம்பி, ஈரமான சாக்குக்குள்ள தலையை விட்ட மாதிரி. பொகை நேரா வராது. முறுக்குக்குள்ள சுத்திச் சுத்திச் சூடேறித்தான் வருது. வந்ததும் நாக்கு மேல ஒரு கனம் உக்காந்துச்சு. மொளகு இல்லை, மொளகு மாதிரி. கரிஞ்ச காப்பிக்கொட்டை. அதுக்கடியில பழைய செருப்புத்தோல். அதுக்கும் அடியில மாட்டுக்கொட்டாய் மண்ணு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கான். ரெண்டாவது இழுப்புல காரம் தொண்டையில நிக்கலை, நேரா வயித்துக்குப் போயி அங்க ஒரு கங்கு வச்சுச்சு. காதுக்குள்ள ஙொய்னு சத்தம். வாயெல்லாம் எச்சி ஊறுது. மூணாவது இழுப்பு இழுக்கும்போது எதுத்தாப்புல நிக்கிற ராஜாங்கம் ரெண்டு ராஜாங்கமாத் தெரியுறான்.

"கருப்பா, உத்தரவு குடுப்பா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

சாமி வாந்தி எடுத்துருச்சு.

அவன் பட்டு வேட்டி மேல. எளநித் தண்ணியும் வாழைப்பழமும். சடைச் சுருட்டு தெறிச்சுப் போயி மண்ணுல விழுந்து பொகையுது. கொட்டு நின்னு போச்சு.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? வெறும் வயித்துல குடிச்சதாலயான்னு கேக்குறீங்களா? அதெல்லாம் நமக்குத்தான். சாமிக்கு ஏது வெறும் வயிறு, நெறைஞ்ச வயிறு?

அப்புறம் ஊரு பேசுச்சு. எறியிறதே உத்தரவு இல்லைன்னு அர்த்தம், இங்க கருப்பர் கக்கியே போட்டுட்டாரே. எங்க ஊரு வரலாறுலயே கெடையாது. ஒருத்தன் சொன்னான், அப்பன் எழவுக்கு நேரத்துக்கு வராத பாவம்னு. ஒருத்தி சொன்னா, தங்கச்சி வயித்தெரிச்சல்னு. ராஜாங்கம் மூஞ்சி செத்துப்போச்சு. வேட்டியை மாத்திட்டு வந்து அம்பலகாரர் காலடியில உக்காந்துட்டான். "மண்டபம் வேணாம்யா. விட்டுருங்க"ன்னு சொல்லிட்டான். வேலாயி தூரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாளாம். வீட்டுக்குப் போயி அடுப்பைப் பத்த வச்சாளாம். இதெல்லாம் எனக்கு அப்புறம் சொன்னது.

இத்தோட முடிஞ்சிருக்கணும். கருப்பர் சொல்லிட்டாரு, வீடு தப்பிச்சுச்சு, எனக்கும் மரியாதை. டீக்கடைக்குப் போனா எந்திரிச்சு இடம் விட்டாங்க. அந்த மாதிரி மரியாதையை நான் பாத்ததே இல்லை.

ஆனா அந்த நாத்தம் என் நாக்கை விட்டுப் போகலை தம்பி. அதுதான் வினை. வேப்பங்குச்சியில பல்லு வெளக்குனேன். உப்புத் தண்ணியில கொப்புளிச்சேன். எம் பொண்டாட்டி இருளாயி கருவாட்டுக் கொழம்பு வச்சா, அதுலயும் அந்தத் தோல் வாடை அடிக்குது. மனுசனுக்கு ஒரு அருவருப்பு வந்துட்டா யார்கிட்டயாவது சொல்லி எறக்கி வைக்கணும்ல? டீக்கடையில உக்காந்து சொன்னேன். "கருமம்யா, அதெல்லாம் ஒரு சுருட்டா? மேல மொளகு, நடுவுல காப்பிக்கொட்டை, அடியில செருப்புத்தோல். முறுக்குல பொகை மாட்டிக்கிட்டுச் சூடாத்தான் வருது. முதல் இழுப்பை விட ரெண்டாவது மோசம், மூணாவது அதை விட மோசம், எதுத்தாப்புல நின்ன ராஜாங்கம் ரெண்டாத் தெரிஞ்சான்"னு வெவரமாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

செந்தட்டின்னு ஒருத்தன். லோடு ஆட்டோ ஓட்டுறவன். எந் தங்கச்சி மகன். டம்ளரைக் கீழ வச்சிட்டு மெதுவாக் கேட்டான்.

"ஏன் மாமா, குடிச்சது சாமிதானே?"

"ஆமா. பெறகு யாரு?"

"சாமி குடிச்சது உங்களுக்கு எப்படி இம்புட்டு ருசி தெரிஞ்சுச்சு?"

அவன் ஒண்ணும் எகத்தாளமாக் கேக்கலை. நெசமாவே தெரியாமத்தான் கேட்டான். அதுதான் ரொம்பக் கேவலமாப் போச்சு. நான் சொன்னேன், "சாமி போனாலும் வாய் என் வாய்தானேடா. மிச்சம் மீதி இருக்காதா?" அவன், "அப்ப மூணாவது இழுப்புல ராஜாங்கம் அண்ணன் ரெண்டாத் தெரிஞ்சதாச் சொன்னீங்களே, கண்ணுலயும் மிச்சம் இருந்துச்சா?"ன்னான்.

டீக்கடையில ஒருத்தரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை.

பொழுது சாயுறதுக்குள்ள ஊரு முழுக்கப் பேச்சு. கக்குனது கருப்பரா, பெரியமாயனா? கக்குனது நான்னா அது உத்தரவே இல்லை. மண்டபத்துக்கு ஆசைப்பட்டவங்க எல்லாரும் மறுபடியும் ராஜாங்கத்துகிட்டப் போயி நின்னுட்டாங்க. ராஜாங்கமும் எந்திரிச்சு உக்காந்துட்டான். அவமானப்பட்டவன்ல? அதைத் தொடைச்சு எறிய ஒரு வழி கெடைச்சா விடுவானா? பொட்டியில இன்னும் ஒரு சடைச் சுருட்டு இருக்கு, இன்னொரு தடவை கேப்போம்னான்.

அம்பலகாரர் என்னையக் கூப்பிட்டு விட்டாரு. "மாயா, வர்ற வெள்ளிக்கெழமை உச்சிக்கு மறுபடியும் கொட்டு வைக்கிறோம். உன்னையச் சந்தேகப்பட்டு இல்லை. ஊரு வாயை அடைக்கணும்"னாரு. சந்தேகப்பட்டு இல்லையாம். கேட்டுக்கங்க.

அன்னைக்கு வேலாயி எங்க வீட்டுக்கு வந்தா. எப்பயும் வர்ற ஆளு இல்லை. வாசல்லயே நின்னா. "மாமா, வெள்ளிக்கெழமை வயித்துக்கு ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "வெரதம்னா என்னான்னு உனக்குத் தெரியுமா? போயி பணியாரத்தைப் பாரு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். கண்டிப்பா இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும்ல தம்பி?

வெள்ளிக்கெழமை. அதே வெயிலு, அதே கூட்டம். சல்லடம் கட்டி நின்னேன். கொட்டுக்காரன் சரியில்லை. எப்பயும் அடிக்கிறவன்தான், ஆனா அன்னைக்கு அவன் அடி சரியில்லை. பூசாரி போட்ட சாம்பிராணி மட்டமான சாம்பிராணி, மரத்தூளு. நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன். அடிக்கிறான், அடிக்கிறான். கொலவை போடுறாங்க. எனக்கு எல்லாம் கேக்குது. முதுகுல வேர்வை வழியிறது தெரியுது. முன்னால நிக்கிற பிள்ளை மூக்கை உறிஞ்சுறது கேக்குது. கருப்பா வாடான்னு உள்ளுக்குள்ள கூப்பிடுறேன். அருவாளைப் பிடிச்ச கை சும்மா நடுங்குது, அது சாமி நடுக்கம் இல்லைன்னு எனக்கே தெரியுது.

இத்தனை வருசத்துல அப்படி ஒரு நாளு நான் நின்னதே இல்லை. வேணும்னா ஆடியிருக்கலாம். காலைத் தூக்கி வச்சு ஒரு சத்தம் போட்டிருந்தா நம்பியிருப்பாங்க. ஏனோ கால் எந்திரிக்கலை.

அப்பத்தான் பொம்பளைங்க பக்கம் ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா வேலாயி. முடி அவுந்து கெடக்கு. கண்ணு ரெண்டும் மேல நிக்குது. கூட்டம் வெலகி வழி விடுது. அவ நேரா வந்து, எங்கிட்ட ஒண்ணும் கேக்காம, என் கையில இருந்த அருவாளை வாங்குனா. வாங்குனான்னா புடுங்கலை. நானாத்தான் குடுத்துட்டேன். ஏன் குடுத்தேன்னு கேக்காதீங்க.

அம்பலகாரர், "யாரு வந்திருக்குறது?"ன்னாரு.

"ஏன், தெரியலையா?"ன்னா வேலாயி. குரலு அவ குரலு இல்லை. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, அதாவது என் வாயில இருந்து வரும்போது நான் எப்படிக் கேப்பேன்?

ராஜாங்கம் சடைச் சுருட்டைக் கொண்டாந்தான். பூசாரி சூடத்தை எடுக்கப் போனாரு. வேலாயி கையை நீட்டித் தடுத்துட்டு, அந்தச் செவப்பு நாடாவை அவுத்தா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அவுத்துட்டு, ஒரு பொம்பளைப்பிள்ளைக்குச் சடை பிரிக்கிற மாதிரி, பதனமா, ஒரு இலை கிழியாம அதைப் பிரிச்சா. மூணு சுருட்டும் தனித்தனியா வந்துருச்சு. ஒவ்வொண்ணும் வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. அதுல ஒண்ணை எடுத்து நுனியைக் கிள்ளி, சூடத்துல காட்டாம, ஒரு தீக்குச்சி கேட்டு வாங்கி, சுருட்டை உருட்டி உருட்டிப் பத்த வச்சு, நிதானமா ஒரு இழுப்பு இழுத்தா. பொகையை உள்ள விடலை. வாயிலயே வச்சிருந்து மேல பாத்து விட்டா.

கருப்பர் வந்தா அப்படியா குடிப்பாரு? நான் கேக்குறேன். சாமி குடிச்சா அதுக்கு ஒரு ஆவேசம் வேணாமா? அவ அப்பன் படுக்கையில கெடந்தப்ப இவதான் சுருட்டைப் பத்த வச்சு, ரெண்டு இழுப்பு இழுத்துக் கனிய வச்சு அவரு வாயில குடுப்பா. ஊருக்கே தெரியும். அந்தப் பழக்கம். இதைச் சொன்னா இப்ப எல்லாரும் எங்கிட்டச் சண்டைக்கு வர்றாங்க.

அவ பாதிச் சுருட்டு வரைக்கும் குடிச்சா. சாம்பலு உதிராம நீளமா நிக்குது. அப்புறம் சொன்னா.

"சுருட்டு நல்ல சுருட்டு."

கேட்டுக்கங்க தம்பி. நல்ல சுருட்டாம். செருப்புத்தோல் நாத்தம் அடிக்கிறதை நல்ல சுருட்டுன்னு ஒரு சாமி சொல்லுமா?

ராஜாங்கம் மூஞ்சியில வெளிச்சம் வந்துச்சு. "அப்ப உத்தரவா கருப்பா?"ன்னான்.

அவ அவனை நேராப் பாத்தா. "சுருட்டு நல்லாத்தான் இருக்கு. வீட்டை விட்டு நான் போக மாட்டேன்."

நான் போக மாட்டேன். அந்த 'நான்' யாரு? கருப்பரா, வேலாயியா? அத்தனை பேரு நின்னாங்களே, ஒருத்தனாவது கேட்டானா? செந்தட்டி நின்னான். எங்கிட்ட அம்புட்டுக் கேள்வி கேட்டவன், அங்க ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறான். கண்ணுல தண்ணி வேற.

அடுத்தாப்புல அவ இன்னொரு சுருட்டை எடுத்து, தன் சுருட்டுக் கங்குலயே பத்த வச்சு, ராஜாங்கத்துகிட்ட நீட்டுனா. "குடி. உங்கப்பன் குடிக்கும்போது பக்கத்துல நீ இல்லை"ன்னா. அவன் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தான். இருமுனான். மறுபடியும் இழுத்தான். அப்படியே தரையில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டான். பொகையில வந்த கண்ணீருன்னு நான் நெனைச்சேன், ஆனா அது நிக்கவே இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அவ பக்கத்துல உக்காந்து மிச்சத்தைக் குடிச்சுக்கிட்டு இருந்தா. அண்ணனும் தங்கச்சியும் கோயில் வாசல்ல உக்காந்து சுருட்டுக் குடிக்கிறதை ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. எனக்குப் பாக்க அசிங்கமா இருந்துச்சு. ஆனா ஒருத்தரும் நகரலை, நானும் நகரலை.

அப்புறம் மூணாவது சுருட்டு. அதை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தா. "பெரியமாயா, இந்தா"ன்னா. மாமா மாமான்னு கூப்பிடுறவ, ஊரு முன்னால என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டா. வாங்காம இருக்க முடியுமா? சாமி குடுத்ததுன்னு ஊரு நெனைக்குது. வாங்கி மடியில கட்டிக்கிட்டேன். சல்லடத்தை அவுத்து வச்சுட்டு வீட்டுக்கு நடந்தேன். என் பின்னால ஒருத்தரும் வரலை.

ராஜாங்கம் அந்த வீட்டை வேலாயி பேருக்கே எழுதிக் குடுத்துட்டு சிங்கப்பூருக்குப் போயிட்டான். மண்டபமும் இல்லை ஒண்ணும் இல்லை. போகும்போது எங்க வீட்டுக்கு வந்தான். வேட்டியில கக்கிட்டேன்னு நான் வருத்தப்படணுமாக்கும்னு நெனைச்சேன். அவன், "மாமா, அன்னைக்கு மூணையும் ஒண்ணா உங்களைக் குடிக்க வச்சது என் தப்புதான்"னு சொன்னான். "என்னைய இல்லப்பா, கருப்பரை"ன்னேன். அவன், "ஆமா மாமா"ன்னு சொல்லிட்டுப் போனான். கையைப் பிடிச்சுத்தான் சொன்னான். அதை மறைக்கக் கூடாது.

இப்ப வெள்ளிக்கெழமைன்னா வேலாயி வீட்டு வாசல்ல கூட்டம். வாக்குக் கேட்டு வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. எம் பொண்டாட்டியே போறா. எதுக்குடி போறன்னு கேட்டா, பணியாரம் வாங்கப் போறேங்குறா.

அந்த மூணாவது சுருட்டா? அதை என்ன பண்ணுனேன்னு கேக்குறீங்களா?

எறியத்தான் நெனைச்சேன். மடியில இருந்து எடுத்தா வாடை கையில ஒட்டிக்குது. ஆனா சாமி பேரால குடுத்ததை எப்படிக் குப்பையில போடுறது? ஒரு நாள் மத்தியானம் சோறு தின்னுட்டுக் கொல்லைப்பக்கம் உக்காந்தேன். எம்புட்டுக் கேவலமான சுருட்டுன்னு தீர்மானமாத் தெரிஞ்சுக்கணும்ல? சும்மா ஒரு பொருளைப் பத்தித் தப்பாச் சொல்லிறக் கூடாது பாருங்க. தீக்குச்சியில உருட்டி உருட்டிப் பத்த வச்சேன். பொகையை உள்ள விடலை.

மொளகு இருந்துச்சு. காப்பிக்கொட்டை இருந்துச்சு, ஆனா கரிஞ்சது இல்லை, எறக்குற பக்குவத்துல எடுத்தது. தோல் வாடை இருந்துச்சு, புதுத் தோலு. கொஞ்சம் போகப் போக வெல்லப்பாகு மாதிரி ஒண்ணு அடிநாக்குல வந்து உக்காந்துச்சு. அதுக்கப்புறம் கண்மாய்ல முதல் மழை விழுந்தா ஒரு வாசம் வருமே, அது. அந்த வளைவு இருக்குல்ல, அது விரலுக்கு நடுவுல வந்து தன்னால உக்காந்துக்குது. அம்புட்டும் ஏமாத்து வேலை தம்பி. ஒரு சுருட்டுல இம்புட்டு எதுக்கு? இருளாயி உள்ள இருந்து, "என்னங்க, என்ன ஒரு மணமா இருக்கு"ன்னா. "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடி"ன்னேன். விரலு சுடுற வரைக்கும் குடிச்சேன். கருமம் பிடிச்ச சுருட்டு.

இந்தாங்க, இது ராஜாங்கம் விட்டுட்டுப் போன அந்தக் காலிப் பொட்டியில ஒட்டியிருந்த லேபிளு. கிழிச்சு வச்சிருக்கேன். உங்களுக்குப் படிக்க வரும்ல? இந்தப் பேரு போட்ட சுருட்டு மதுரையில எந்தக் கடையில கெடைக்கும்னு சொல்லுங்க. டவுன்ஹால் ரோட்டுல விப்பானா? அடுத்த களரிக்குச் சாமி இதைத்தான் கேக்கும், திண்டுக்கல் சுருட்டைத் தொடாதுன்னு ஊருல பேசிக்கிறாங்க. யாரு போயி வாங்குறதுன்னு கேட்டப்ப நான்தான் போறேன்னேன். அம்பலகாரர்கூட, "உனக்கு எதுக்கு மாயா அலைச்சலு?"ன்னாரு. சாமி எங்கிட்ட வரலைன்னா போகட்டும். அதுக்கு முன்னால வைக்கிற பொருளு சரியா இருக்கான்னு பாக்குறதுக்கு நல்ல நாக்கு உள்ள ஒரு ஆளு வேணும்ல? செந்தட்டியை அனுப்புனா எதையாவது வாங்கிட்டு வந்துருவான்.

கடைக்காரன்கிட்ட முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பத்த வச்சுப் பாத்துத்தான் வாங்கணும். கடைசி வரைக்கும் குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். இல்லைன்னா ஏமாத்திருவான்.